கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் செக்குபந்தி

“மௌஸைப் புடிக்கவாவது தெரியுமா உனக்கு?”

திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் கிருஷ்ணசாமி மூன்று வருடத்துக்கு முன்னால் அமல்ராணியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள். தெரியும் என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் இரண்டு வாக்கியமாவது பேச வேண்டியிருந்திருக்கும். அதற்குத் தெரியாமலே இருப்பது மேல்.

ஒன்பதாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் இதே காரணத்தால்தான். எழுந்து பாடத்தை வாசி என்று டீச்சர் சொன்னார். ஒரு பீரியட் முழுக்க வாயைத் திறக்காமல் நின்றாள். மறுநாளிலிருந்து போகவில்லை. அவளுடைய அம்மா கிளாரா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிப் பார்த்தாள். கடைசியில், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் வைக்கிற வேலையாவது பார்க்கட்டும் என்று கிருஷ்ணசாமி கடையில் கொண்டுவந்து விட்டாள். நான்காவது மாதம் டைப் அடிக்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட, கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலி அமல்ராணிக்கு வந்தது.

மௌஸைப் பிடிக்க அவள் அதற்கப்புறமும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த மேசையில் மௌஸுக்கு இடமே கிடையாது. வில்லங்கச் சான்றுக் கட்டுகள், மை ஒத்தும் டப்பா, கிருஷ்ணசாமியின் வெற்றிலைப் பொட்டலம், முந்தாநாள் யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி, இத்தனைக்கும் நடுவில் கீபோர்டு பாதி தெரியும். மௌஸ் அதன் வாலில் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். எனவே அவள் எல்லாவற்றையும் விரலாலேயே செய்யப் பழகினாள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. பழைய பத்திரத்தைத் திறந்து அதன்மேல் புதுப் பத்திரம் அடிக்கக் கூடாது. எப்போதோ அப்படி அடித்து, ஒருவர் வாங்கிய மனையின் பத்திரத்தில் அதற்கு முந்தைய பத்திரத்துக்காரரின் மனைவி பெயர் தங்கிப்போய், இரண்டு குடும்பமும் கடை வாசலில் வந்து நின்றதாம். அன்று முதல், பதிவு முடிந்த பத்திரத்தைச் சாயங்காலமே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு பத்திரமும் முதல் எழுத்திலிருந்து புதிதாகப் பிறக்க வேண்டும். கிருஷ்ணசாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். அமல்ராணி அடிக்க வேண்டும்.

பாதி வார்த்தை வெற்றிலையோடு போய்விடும். “என்ன சார் சொன்னீங்க?” என்று கேட்டால் சொல்வார்தான். ஆனால் கேட்க வேண்டுமே. முதல் ஒரு மாதம் அந்தக் கேள்வியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது.

ஒரு முகூர்த்தமில்லாத நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது, வேர்டு மென்பொருளின் ஏதோ ஒரு மூலையில் அவள் தடுக்கி விழுந்தாள். எந்த வேலைக்கு எந்த விசை என்று ஒரு பெட்டிக்குள் நீளமாகப் பட்டியல் இருந்தது. பக்கத்திலேயே, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று இருந்தது. அவள் வாழ்க்கையில் இதுவரை யாரும் எதையும் வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று அவளிடம் சொன்னதில்லை. நெடுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து கிருஷ்ணசாமி சொல்லும் ஒவ்வொரு பத்தியையும், பெயர் வருகிற இடங்களை மட்டும் காலியாக விட்டு, அப்படியே சேர்த்து வைத்து, அதற்கு ஒரு விசையைக் கொடுத்தாள். ஒரு தடவை கேட்டதை இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை. நிலத்துக்குக் கிழக்கில் யாருடையது, மேற்கில் எது, வடக்கில் வாய்க்காலா, தெற்கில் பாதையா என்று நான்கு எல்லையைச் சொல்லும் பத்திக்குச் செக்குபந்தி என்று பெயர். அதுதான் எல்லாப் பத்திரத்திலும் வரும். எனவே கைக்கு நன்றாக வசப்படுகிற கன்ட்ரோல் எஸ்ஸை அதற்குக் கொடுத்தாள். அந்த விசை உலகம் முழுக்க ஃபைலைச் சேவ் செய்வதற்கு என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது மாற்ற மனமில்லை. சேவ் பண்ணுவதை எஃப் டூவுக்குத் தள்ளிவிட்டாள்.

பிறகு டூல்பாரில் கை வைத்தாள். தனக்குத் தேவைப்படாத பொத்தான்களையெல்லாம் அங்கிருந்து எடுத்துவிட்டு, பத்திரம் எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையில் சின்னச் சின்னப் படங்களை அடுக்கினாள். வீடு படம் சொத்து விவரத்துக்கு. சாவி படம் சுவாதீனம் ஒப்படைப்பதற்கு. மணி படம் சாட்சிகளுக்கு. சிரிக்கிற முகம், இந்தச் சொத்தில் வில்லங்கம் ஏதுமில்லை என்ற உறுதிமொழிக்கு. அந்தப் படங்களையும் மௌஸ் இல்லாமல் விசையாலேயே தட்டினாள். மூன்று வருடத்தில் நாற்பத்தேழு விசைகளும் பதினொரு படங்களும் ஆயின.

கிருஷ்ணசாமிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண்டது, பெயரைச் சொன்னதும் திரையில் பத்திரம் மளமளவென்று இறங்குவதை மட்டும்தான்.

“மெஷின்னா இது மெஷின்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். “ராசியான மெஷினு. பேரைச் சொன்னா போதும், மிச்சத்த அதுவே அடிச்சிடும். இந்தப் பொண்ணு சும்மா பட்டனைத் தட்டிக்கினு இருந்தா சரி.”

ஆயுத பூஜைக்கு மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் அந்த மெஷினுக்கு மூன்று. மெஷின் இல்ல சார், நான்தான் சார் என்ற வாக்கியத்தை அமல்ராணி எத்தனையோ தடவை மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தாள். சொல்லத்தான் வரவில்லை.

இந்த வருடம் தை மாதம் கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கிருஷ்ணசாமி விழுப்புரத்தில், ஒரு பதிவு அலுவலகத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடையாகப் பிடித்தார். ஆள் ஒருவர்தான் வேண்டும். அவர் மனைவியின் அண்ணன் மகன் கோகுலகிருஷ்ணன் விழுப்புரத்திலேயே இருக்கிறான். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துச் சர்டிபிகேட் வைத்திருக்கிறான்.

“மெஷினை அங்க எடுத்துக்கினு போயிடறோம்மா” என்றார் அமல்ராணியிடம். “நீ ஒருநாள் கூட வந்து எந்தெந்தப் பட்டன் எதுக்குன்னு அவனுக்குக் காட்டிக் குடுத்துடு. அப்புறம் உனக்கு எதுக்கு அலைச்சல்.”

அவளுக்கு அலைச்சலில் ஒரு வருத்தமும் இல்லை. காலை ரயில் எத்தனை மணிக்கு, சாயங்காலம் எது, சீசன் டிக்கெட் எங்கே எடுப்பது என்பதுவரை இரண்டு வாரமாக விசாரித்து வைத்திருந்தாள். நானே வர்றேன் சார் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. “சரிங்க சார்” என்றுதான் வாயில் வந்தது.

பாசஞ்சர் ரயிலில் கிருஷ்ணசாமி கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். புதுக் கடையில் ஏற்கெனவே திரை இருக்கிறது, இது மட்டும் போதும். லக்கேஜ் பலகையில் வைக்கச் சொன்னதற்கு, குலுங்கும் என்று மறுத்துவிட்டார். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மயிலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னா சார் அது, சாமி செலையா?”

“கம்ப்யூட்டரும்மா. பத்திரத்த அதுவே எழுதும்.”

“அப்ப நீங்க எதுக்குக் கூடப் போறீங்க?”

ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. கிருஷ்ணசாமியும் சிரித்தார். அமல்ராணி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் சேர்த்து வைத்த பத்திகள், விசைகள், படங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை அழித்துவிட்டால் வேர்டு புதிதாகப் போட்ட அன்று இருந்ததுபோல ஆகிவிடும். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. விக்கிரவாண்டி வரைக்கும் அந்த நினைப்போடு வந்தாள். முண்டியம்பாக்கம் தாண்டியபோது தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தேழையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டாள்.

கோகுலகிருஷ்ணன் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் ஹெட்செட்.

“வாங்க வாங்க. நீங்கதான் அமல்ராணியா? பேசவே மாட்டீங்கன்னு மாமா சொன்னாரு. அது பரவால்ல, ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசிடுவேன். இங்க சுத்துப்பட்டுல எந்த ஊர்ல கபடி நடந்தாலும் மைக்கு என் கையிலதான். போன வாரம் வல்லத்துல ஒன்பது மணி நேரம் பேசுனேன். தொண்டை கட்டல. எங்கம்மாதான், மைக்கு சோறு போடுமாடான்னு இங்க கொண்டாந்து தள்ளிடுச்சு.”

மெஷினைத் திரையோடு மாட்டி முடிப்பதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். சவுரிராயன் என்ற விவசாயி. மல்லாட்டைக் கடலை போடுகிற நாற்பது சென்ட் நிலத்தைத் தன் மகள் பெயருக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வந்திருந்தார். மகள் அதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். பதினொன்றரைக்கு டோக்கன். அதை விட்டால் அடுத்த டோக்கன் திங்கட்கிழமைதான், அதற்குள் மகளுக்கு லீவு முடிந்துவிடும்.

“அதெல்லாம் அரை மணியில ஆயிடும்” என்றார் கிருஷ்ணசாமி. “கோகுலு, உக்காரு. அமலு, நீ பக்கத்துல நின்னு சொல்லு.”

கோகுல் நன்றாகத்தான் அடித்தான். விரல்கள் சுத்தமாக விழுந்தன. ஆனால் இரண்டு வரிக்கு ஒரு தடவை சேவ் பண்ண வேண்டும் என்று கோர்ஸில் அவனைப் பழக்கியிருந்தார்கள். இரண்டு வரி அடித்தான், கன்ட்ரோல் எஸ் அழுத்தினான். கிழக்கில், மேற்கில், வடக்கில், தெற்கில் என்று ஒரு செக்குபந்தி வந்து விழுந்தது. அழித்தான். மேலும் இரண்டு வரி அடித்தான். கை தானாகக் கன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போனது. இன்னொரு செக்குபந்தி. இப்படியே ஐந்து வந்துவிட்டன.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சவுரிராயன் கனைத்தார்.

“தம்பி, என் நெலத்துக்கு நாலு பக்கந்தான். நீ இருவது பக்கம் போட்டுக்கினு கீற.”

“சேவ் எங்கங்க?” என்றான் கோகுல்.

அமல்ராணிக்கு வாயில் வரவில்லை. கூச்சத்தால் மட்டும் இல்லை. எந்த விசை எங்கே என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. மேசை விளிம்பில் பத்து விரலையும் வைத்து, ஒரு பத்திரம் முடிவதாகப் பாவித்துப் பார்த்தாள். இடது கை மேலே போய் ஒரு இடத்தைத் தட்டியது.

“எஃப் டூ.”

“சாட்சிக்கு?”

மறுபடியும் மேசையில் தட்டினாள். “ஆல்ட்... ஷிப்ட்... இருங்க.”

“நீங்க வீணை வாசிக்கிறீங்க, எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல” என்றான் கோகுல். படங்களைப் பார்த்தான். “இந்த மூஞ்சி சிரிக்குதே, நல்லதுக்குத்தான் இருக்கும்” என்று அழுத்தினான். சவுரிராயனின் அப்பா பெயருக்கு நடுவில், மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று ஆறு வரி நுழைந்தது.

“எங்கப்பாவுக்கு ஒரு வில்லங்கமும் கெடையாது, செத்து இருவது வருஷம் ஆவுது” என்றார் சவுரிராயன். அவர் மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ரைட்டரே, அந்தக் கெணத்துல பாதி பாத்தியம் என் தம்பியுது, அத்தையும் சேத்துக்கங்க” என்று அவர் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மணி பத்தே முக்கால். கிருஷ்ணசாமி டோக்கன் வரிசை எப்படிப் போகிறது என்று பார்க்க எதிரே அலுவலகத்துக்குப் போனார். அமல்ராணி ஆதார் அட்டைகளை ஜெராக்ஸ் எடுக்கப் பின்பக்க அறைக்குப் போனாள். ஐந்து நிமிஷம்தான் இருக்கும். திரும்பி வந்தபோது வேர்டு திரை நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருந்தது. வீடு இல்லை, சாவி இல்லை, மணி இல்லை.

“சரி பண்ணிட்டங்க” என்றான் கோகுல் சந்தோஷமாக. “வேர்டு மக்கர் பண்ணா அது செட்டிங்கெல்லாம் வெச்சிருக்கிற ஃபைலை டெலிட் பண்ணணும், அதுவே புதுசா ஒண்ணு போட்டுக்கும்னு கோர்ஸ்ல சொன்னாங்க. இப்ப பாருங்க, கன்ட்ரோல் எஸ் சேவ் ஆவுது.”

ரயிலில் அவள் நினைத்ததற்கே வெட்கப்பட்ட காரியத்தை அவன் உதவியென்று நினைத்துச் செய்து முடித்திருந்தான். அவள் ஜெராக்ஸ் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கோகுலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“அதுலதான் எல்லாம் இருந்துச்சா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“ரீசைக்கிள் பின்ல கூட இல்லீங்க. சுத்தமா அழிச்சிட்டேன்.”

கிருஷ்ணசாமி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அமல்ராணியைப் பார்த்தார். “இன்னா ஆச்சு மெஷினுக்கு? நீ ஏதாவது பண்ணியாம்மா?”

“நான்தான் மாமா” என்றான் கோகுல் உடனே. “அவங்க ஜெராக்ஸ்ல இருந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

கிருஷ்ணசாமி தொப்பென்று உட்கார்ந்தார். “போச்சு. மூணு வருஷம் பழகின மெஷினு. பேஜாராப் போச்சு. இனிமே இது எங்கேந்து அடிக்கும்.”

“அப்ப என் பத்திரம்?” என்றார் சவுரிராயன். “பொண்ணு நைட்டு வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்குது ரைட்டரே.”

மணி பதினொன்று ஐந்து.

“எழுந்திரிங்க.”

யார் சொன்னது என்று கோகுல் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. அமல்ராணிதான் சொன்னாள். அவன் சட்டென்று எழுந்து நாற்காலியைத் துடைத்துக்கூட விட்டான்.

அவள் உட்கார்ந்தாள். அவள் கொண்டுவந்திருந்த பழைய கீபோர்டு, எழுத்துகள் தேய்ந்து பாதிக்கு மேல் மொட்டையாக இருந்தது. ஒரு நிமிஷம் விரல்கள் பழைய இடங்களைத் தேடின. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நேராக எழுத்துகளுக்கு வந்தன. தான செட்டில்மெண்ட் பத்திரம் என்று அடித்தாள்.

வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தார் கிருஷ்ணசாமி. “இதனடியிற்கண்ட சொத்தை இன்று முதல்...”

திரையில் அது ஏற்கெனவே இருந்தது. தாங்களே சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்பதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடிக்க இரண்டு வாக்கியம் தாவினார். அவள் மூன்று வாக்கியம் முன்னால் இருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பத்திகளை ஒவ்வொரு சொல்லாகக் கோத்தவள் அவள்தான். பிழை பார்த்தவளும், எங்கே பெயர் வர வேண்டும், எங்கே காற்புள்ளி வர வேண்டும் என்று தீர்மானித்தவளும் அவள்தான். விசைகள் போயின, சொற்கள் எங்கும் போகவில்லை. கிழக்கில், மேற்கில், வடக்கில், தெற்கில் என்று ஒரே ஒரு செக்குபந்தியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் பாதி பாத்தியம் தம்பிக்கு உண்டு என்று தனியாக ஒரு பத்தி போட்டாள். கிருஷ்ணசாமி மெஷினைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார்.

பதினொன்று இருபத்துமூன்றுக்குப் பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பியது. கிருஷ்ணசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார், ஒரு இடத்திலும் வைக்கவில்லை.

“கெணறு வந்திருக்குதா?” என்றார் சவுரிராயன்.

“வந்திருக்குது” என்றார் கிருஷ்ணசாமி.

“யாருமே கேக்கலன்னு நெனச்சேன்.”

“ஜல்தி, ஜல்தி, டோக்கன் கூப்புட்டுடுவான்” என்று அப்பாவையும் மகளையும் ஓட்டிக்கொண்டு கிருஷ்ணசாமி எதிரே போனார்.

பதிவு முடிந்து அவர் திரும்பி வர ஒரு மணி ஆகிவிட்டது. கோகுல் அதற்குள் எட்டு தடவை மன்னிப்புக் கேட்டு, இரண்டு டீ வாங்கிக் கொடுத்திருந்தான். கிருஷ்ணசாமி நாற்காலியை இழுத்து அமல்ராணிக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“ஒரு கேள்வி. மெஷின்ல எல்லாம் அழிஞ்சி போச்சு. அப்புறம் அது எப்படி அடிச்சிது?”

“அது அடிக்கல சார்.”

“அப்ப இந்த மூணு வருஷமா?”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “நான்தான் சார்.”

கிருஷ்ணசாமி வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், போடாமலே கீழே வைத்தார்.

“அடப்பாவி. இத்த மடியில வெச்சிக்கினு வந்ததுல எனக்குத் தொடை இன்னும் மரத்துக் கெடக்குது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“சொல்லணும்னுதான் இருந்தேன் சார்.”

“எப்ப?”

“மூணு வருஷமா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். “தெனம் வந்து போறது உனக்குக் கஷ்டமா இருக்காதா?”

“ஏழு இருபது ரயிலுக்கு வந்துட்டா எட்டரைக்குக் கடையத் திறந்துடலாம் சார். சீசன் டிக்கெட் எடுத்துக்கறேன்.” இத்தனை நீளமாகப் பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “எல்லாத்தையும் திரும்பப் போட ஒரு மாசம் ஆவும். போட்டப்புறம் யாரும் அத மாத்தக் கூடாது சார்.”

“யாரு மாத்தப் போறா. சேவ் பண்றதையாவது அது எடத்துல வுட்டுடுவியா?”

“மாட்டேன் சார். அது செக்குபந்திக்கு.”

“உன் இஷ்டம்மா” என்று கிருஷ்ணசாமி கையெடுத்துக் கும்பிட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஜெராக்ஸ் மெஷின் இருந்த அறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “சரி, கோகுலையும் சும்மா அனுப்ப முடியாது. அவங்கம்மா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடும். அவன் ஜெராக்ஸ் பாத்துக்கட்டும். டோக்கன் எடுக்குறது, ஸ்டாம்ப் வாங்குறது, பேங்குக்குப் போறது, அதையெல்லாம் அவன் பாத்துக்கட்டும். சாயங்காலம் கடையப் பெருக்கி மூடட்டும். ஞாயித்துக்கெழமையில வந்து ரிஜிஸ்டர எல்லாம் அடுக்கி வெக்கட்டும். இன்னாடா சொல்ற கோகுலு?”



அவருக்கு முதுகுக்குப் பின்னால், கோகுல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தான். அமல்ராணியின் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. காலையிலிருந்து ஒரு நிமிஷம் ஓயாமல் பேசியவன், வாயைத் திறக்காமல், முகம் முழுக்கப் பல்லாகச் சிரித்தான். கண்ணாடிக் கதவைத் தோளால் மெதுவாகத் தள்ளி வெளியே நழுவினான். கபடிப் பனியன் போட்ட பையன்களோடு புறப்பட்டுக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவின் பின்னால் வெறுங்காலோடு ஓடி, உள்ளேயிருந்து நீண்ட யாரோ ஒருவர் கையைப் பிடித்து ஏறிக்கொண்டான்.